படுக்கையோர நெஞ்சு ஸ்கேனும் ஊசி, ட்யூப் வேலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரையீரல் உறைக்குள் நீர் கோத்த நோயாளியைக் கட்டிலிலேயே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து, அங்கேயே ஊசி போட்டோ ட்யூப் வைத்தோ நீர் எடுக்கும் வேலையைத் தொடங்கும் முதுநிலை மாணவர்களும் வார்டு மருத்துவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

எக்ஸ்-ரே கையில் இருக்கிறதே, ஸ்கேன் எதற்கு?

நின்றபடி எடுத்த எக்ஸ்-ரேயில் ஓரக்கோணம் மழுங்கித் தெரியவே ஏறக்குறைய 200 மி.லி. நீர் சேர்ந்திருக்க வேண்டும். படுத்தபடி எடுத்த படத்தில் அதைவிடக் கூடுதலாக இருந்தாலும் மங்கலான வெண்மைதான் தெரியும். ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தால் அது நீரா, சுருங்கிய நுரையீரலா, கட்டியா என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். ஸ்கேனில் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் ஊசி. மருத்துவர்கள் தட்டிப் பார்த்தும் எக்ஸ்-ரே பார்த்தும் தேர்ந்தெடுத்த இடங்களை 2003இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்கேன் கொண்டு சரிபார்த்தார்கள். 15 சதவீத இடங்கள் தவறாக இருந்தன. மொத்தத்தில் 10 சதவீதம் பேருக்கு ஊசி ஏதாவது ஓர் உறுப்பைக் குத்தியிருக்கக்கூடும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், நீர் எடுத்தபின் உறைக்குள் காற்று புகுந்துவிடுவது ஸ்கேன் இல்லாமல் 9.3 சதவீதம், ஸ்கேனோடு 4 சதவீதம்.

ரேடியாலஜியில் பேனாவால் குறி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த இடத்தில் குத்தினால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

குறி தோலின் மேல் இருக்கிறது. நீர் அதற்கு உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நிலையான பிணைப்பு எதுவும் இல்லை. நோயாளியைப் படுக்க வைத்துக் குறித்திருப்பார்கள், வார்டில் உட்கார வைத்துக் குத்துவோம். நீர் கீழே இறங்கும், உதரவிதானம் இடம் மாறும், கையைத் தூக்கினால் தோலே விலா எலும்பின் மேல் 2, 3 செ.மீ. நகரும். காலையில் குறித்து மாலையில் குத்தினால், இடையில் இருமியும் புரண்டும் நிலைமை இன்னும் மாறியிருக்கும். வயதான, தோல் தளர்ந்த பெண்களிடம் இந்த நகர்வு அதிகம்.

குறித்தவருக்கு ஊசி எந்தக் கோணத்தில் போகும் என்று தெரியாது. குத்துபவருக்கு ப்ரோப் (தோலின் மேல் வைக்கும் ஸ்கேன் முனை) எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தது என்று தெரியாது. கல்லீரல் காயங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நேர்கின்றன. பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி தன் 2010 வழிகாட்டலிலேயே, மிகப் பெரிய அளவில் நீர் இருந்தால் தவிர, வேறிடத்தில் குறித்து அனுப்பும் முறையைப் பரிந்துரைக்கவில்லை. ஸ்கேன் செய்பவரும் குத்துபவரும் ஒருவராகவே, ஒரே இருக்கையில், ஒரே அமர்வில் இருக்க வேண்டும். அது முடியாவிட்டால், குத்தப் போகிறவர் அந்த நிமிடத்தில் ஒரு முறையாவது ப்ரோப் வைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த ப்ரோப்? மெஷினில் என்ன மாற்ற வேண்டும்?

நீர் பார்க்க வளைந்த முகம் கொண்ட வயிற்று ப்ரோப், 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். ஆழம் 12 முதல் 16 செ.மீ. வைத்துத் தொடங்குங்கள். நுரையீரல் உறையின் அசைவையும் விலா இடைவெளி ரத்தக்குழாயையும் பார்க்கத் தட்டையான லீனியர் ப்ரோப், ஆழம் 4 முதல் 6 செ.மீ. இதய ப்ரோப் மட்டும்தான் இருக்கிறது என்றால் நீர் பார்க்க அதுவே போதும். உறையின் நுணுக்கம் அதில் தெரியாது.

பல மெஷின்கள் படத்தை அழகாக்கும் வசதிகளைத் தாமாகவே இயக்கி வைத்திருக்கும். நுரையீரலில் நாம் படிப்பதே பிழைபிம்பங்களைத்தான். அதனால் ஹார்மோனிக், காம்பவுண்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏ கோடுகளும் (உறைக்குக் கீழே படுக்கையாகத் திரும்பத் திரும்ப வருபவை) பி கோடுகளும் (உறையிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குபவை) மங்கிப் போகும். ஃபோகஸ் உறை இருக்கும் ஆழத்தில் இருக்கட்டும், ப்ரோப் குறி தலைப்பக்கம் இருக்கட்டும்.

முதலில் எதைத் தேட வேண்டும்?

உதரவிதானத்தை. நீரைத் தேடிக் கொண்டு போகிறவர் கறுப்பாகத் தெரிவதையெல்லாம் நீர் என்பார்.

பின் அக்குள் கோட்டில் ப்ரோப்பை வைத்து, முதலில் கல்லீரலை அல்லது மண்ணீரலை, அதன் கீழே சிறுநீரகத்தை அடையாளம் காணுங்கள். பிறகு மேலே நகருங்கள். உறுப்பின் மேல் விளிம்பில் வெள்ளையாக, மூச்சோடு அசையும் வளைகோடு வரும். அதற்கு மேலே இருப்பதுதான் நெஞ்சு.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே இதே போன்ற வெள்ளை வளைகோடு ஒன்று உண்டு. அவசரத்தில் அதை உதரவிதானம் என்று எடுத்துக்கொண்டால், அதற்கு மேலே நிற்கும் மண்ணீரல் ‘இறுகிய நுரையீரல்’ ஆகிவிடும். ட்யூப் அதற்குள் போகும். சிறுநீரகத்தையும் ஒரே வரிசையில் காட்டாத எந்தப் படத்தையும் நம்பாதீர்கள். வயிற்றில் நீர் கோத்தவருக்கு உதரவிதானத்தின் இரு பக்கமும் கறுப்பாக இருக்கும். அங்கே எது மேல், எது கீழ் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது. இடது பக்கம் சாப்பிட்ட வயிறும் நீர் போலவே தெரியும், ஆனால் உள்ளே உணவுத்துகள் சுழலும்.

இன்னொரு அடையாளம் முதுகெலும்பு. காற்று நிறைந்த நுரையீரல் ஒலியைத் தடுப்பதால் உதரவிதானத்துக்கு மேலே முதுகெலும்பு தெரியாது. நீரோ இறுகிய நுரையீரலோ இருந்தால் அந்தக் கோடு மேலேயும் தொடரும்.

கறுப்பாக இருந்தால் நீர்தானா?

எப்போதும் அல்ல. காசநோய் ஆறியபின் தடித்துப்போன உறையும் கிட்டத்தட்ட கறுப்பாகவே தெரியும். நம் ஊரில் இது அடிக்கடி ஏமாற்றும் விஷயம். நீராக இருந்தால் மூச்சு இழுக்கும்போது இடைவெளி குறுகும், விடும்போது விரியும். நுரையீரலின் ஓரம் உள்ளே மிதந்து ஆடும். வண்ண டாப்ளர் போட்டால் அசையும் நீரில் நிறம் வரும். தடித்த உறையில் இவை எதுவும் இருக்காது.

தெளிந்த கறுப்பு என்றால் நீர் எந்த வகையாகவும் இருக்கலாம். உள்ளே நூல்கள், அறைகள், மிதக்கும் துகள்கள் இருந்தால் எக்ஸுடேட் (தொற்று, கட்டி போன்றவற்றால் கசிந்த புரதம் மிகுந்த நீர்) என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த நூல்களை சி.டி.யைவிட ஸ்கேன் நன்றாகக் காட்டும்.

எவ்வளவு நீர் என்று கணக்கிட முடியுமா?

தோராயமாக. வென்டிலேட்டரில் மல்லாந்து, உடலை 15 பாகை உயர்த்திப் படுத்திருப்பவருக்கு ஒரு சூத்திரம் உண்டு: மூச்சு விட்டு முடித்த நிலையில் நுரையீரல் அடிப்பகுதிக்கும் நெஞ்சுச் சுவருக்கும் உள்ள அதிகபட்ச இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து 20ஆல் பெருக்கினால் மில்லிலிட்டர் வரும். 25 மி.மீ. என்றால் 500 மி.லி. உட்கார்ந்திருப்பவருக்கு இது பொருந்தாது.

எண்ணைவிட ஆழம்தான் வேலைக்கு உதவும். ஆழமாக மூச்சு இழுத்த நிலையிலும் ஊசி போகும் பாதையில் குறைந்தது 10 மி.மீ. நீர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று விட்டுவிடுங்கள்.

காற்று புகுந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மல்லாந்து படுத்திருப்பவருக்குக் காற்று முன்பக்கம் ஏறும். நடு காலர் எலும்புக் கோட்டில் 2 முதல் 4ஆம் விலா இடைவெளிகளைப் பாருங்கள். இரண்டு விலா நிழல்களுக்கு நடுவே வெள்ளைக்கோடு, அது மூச்சோடு முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். எம் மோடில் (ஒரே கோட்டின் அசைவை நேரத்தோடு வரையும் முறை) இது கடற்கரை போலக் கீழே மணல்மணலாகவும், அசைவு இல்லாதபோது பார்கோடு போலக் கோடுகோடாகவும் தெரியும்.

அசைவு இருந்தால் அந்த இடத்தில் காற்று இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரே ஒரு பி கோடு தெரிந்தாலும், இதயத் துடிப்போடு உறை துடித்தாலும் அப்படியே. ஆனால் அசைவு இல்லை என்பதால் மட்டும் காற்று இருக்கிறது என்று சொல்லக்கூடாது. பழைய காசநோய்த் தழும்பில் ஒட்டிப்போன உறை, பீடி, சிகரெட்டால் ஊதிப்போன நுரையீரலின் காற்றுப்பை, வலது மூச்சுக்குழாய்க்குள் ஆழமாகப் போன என்டோட்ராகியல் ட்யூபால் அசையாத இடது நுரையீரல், எல்லாமே இதே படத்தைத் தரும். காற்றுப்பைக்குள் ட்யூப் போட்டால் அது மூடாத ஓட்டையாகிவிடும்.

உறுதியான அடையாளம் ‘லங் பாயின்ட்’: அசைவு ஒரு பக்கம், அசையாமை மறு பக்கம் என்று ஒரே படத்தில் மூச்சுக்கு மூச்சு மாறும் எல்லை. ப்ரோப்பைப் பக்கவாட்டில் நகர்த்தித் தேடுங்கள். முழுதாகச் சுருங்கிய நுரையீரலில் இது கிடைக்காது. ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் நோயாளியிடம் இதைத் தேடிக்கொண்டு நிற்கவும் கூடாது. முதலில் காற்றை வெளியேற்றுங்கள்.

பி கோடுகள் எத்தனை இருந்தால் தவறு?

ஒரு விலா இடைவெளியில் 3 அல்லது அதற்கு மேல். இரண்டு பக்கமும் சமமாக, உறை மெல்லியதாக இருந்தால் இதயம் காரணமாக நுரையீரலுக்குள்ளேயே வந்த நீர். உறை கரடுமுரடாக, விட்டுவிட்டு இருந்தால் நிமோனியா, ஏ.ஆர்.டி.எஸ். (கடும் மூச்சுத்திணறல் நோய்), நார்த்திசு நோய் என்று யோசியுங்கள். முதியவர்களின் அடிப்பகுதியில் ஒன்றிரண்டு இருப்பது இயல்பு.

ஊசியை எந்த இடத்தில் குத்துவது பாதுகாப்பு?

விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி ரத்தக்குழாய் ஓடுகிறது, அதனால் கீழ் விலாவின் மேல் விளிம்பை உரசிப் போக வேண்டும் என்று எல்லோரும் படித்திருப்போம். அது முழு உண்மை அல்ல. முதுகெலும்பை ஒட்டிய 6 செ.மீ. பகுதியில் அந்தத் தமனி விலாவின் மறைவில் இருப்பதில்லை, இடைவெளியின் நடுவிலேயே ஓடும். முதியவர்களிடம் அது இன்னும் வளைந்து நெளிந்திருக்கும். எனவே முதுகெலும்பிலிருந்து குறைந்தது ஓர் உள்ளங்கை அகலம் வெளியே வாருங்கள். லீனியர் ப்ரோப்பை இடைவெளியில் வைத்து, வண்ண டாப்ளரின் வேக அளவைக் குறைத்து ஒரு முறை தேடுங்கள். குழாய் தெரிந்தால் வேறு இடைவெளி.

ட்யூப் போட, நீர் அனுமதித்தால், அக்குளின் பாதுகாப்பு முக்கோணமே நல்லது: முன்னே மார்புத் தசையின் ஓரம், பின்னே லாட்டிசிமஸ் தசையின் ஓரம், கீழே 5ஆம் இடைவெளி.

மரத்துப்போகும் மருந்து எவ்வளவு போடலாம்?

அட்ரினலின் சேராத லிக்னோகைன் கிலோவுக்கு 3 மி.கி. 50 கிலோ எடையுள்ளவருக்கு 150 மி.கி. இங்கே பிழை எங்கே நடக்கிறது என்றால், புத்தகங்கள் 1 சதவீதக் கரைசலை வைத்து மி.லி. சொல்கின்றன, நம் வார்டு ட்ராலியில் இருப்பது பெரும்பாலும் 2 சதவீதம். 1 சதவீதத்தில் 15 மி.லி. வரை போகலாம், 2 சதவீதத்தில் 7.5 மி.லி.தான். அதே அளவு நார்மல் சலைன் கலந்து 1 சதவீதமாக்கிக்கொள்வது சிறந்தது, பரவலாகப் போட முடியும்.

வலிப்பது தோலும் உறையும்தான், இடையில் உள்ள தசை அதிகம் வலிக்காது. முதலில் தோலில் ஒரு கொப்புளம், பிறகு உறிஞ்சிக்கொண்டே முன்னேறுங்கள். நீர் வந்ததும் ஊசியை ஒரு மில்லிமீட்டர் அளவு பின்னே இழுத்து, மிச்ச மருந்தை அங்கே போடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். பலரும் காத்திருப்பதில்லை, பிறகு நோயாளி நெளிகிறார் என்று கோபப்படுகிறார்கள்.

மருந்து போடும் ஊசியில் நீர் வராத இடத்தில் ட்யூப் போடவே கூடாது.

கேனுலா வைத்து நீர் எடுக்கும்போது நடுவில் நின்றுவிடுகிறதே?

16 கேஜ் கேனுலா, த்ரீ-வே, 50 மி.லி. சிரிஞ்ச் என்பது பல வார்டுகளில் வழக்கம். உள்ஊசியை எடுத்தபின் மென்மையான கேனுலா விலா இடைவெளியில் மடங்கிவிடும். நேராக்கிப் பாருங்கள், நோயாளியை லேசாக இருமச் சொல்லுங்கள். உள்ஊசியைத் திரும்ப நுழைக்காதீர்கள், கேனுலா கிழிந்து துண்டு உள்ளே தங்கலாம். நிறைய எடுக்க வேண்டும் என்றால் பக்கத் துளைகள் உள்ள கேத்தீட்டர் வாங்குவது நல்லது. உள்ஊசியை எடுக்கும் கணத்தில் மூச்சை விடச் சொல்லி, துளையை விரலால் மூடுங்கள். இல்லாவிட்டால் காற்று உள்ளே போகும்.

ஸ்கேனில் நீர் இருக்கிறது, ஊசியில் வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் ஊசி எட்டவில்லை. பச்சை நிற 21 கேஜ் ஊசி 40 மி.மீ.க்குள்தான். ஸ்கேனில் தோலிலிருந்து உறைக்கு 35 மி.மீ. என்று அளந்திருப்பீர்கள், ஆனால் அப்போது ப்ரோப் தோலை அழுத்திக்கொண்டிருந்தது. ப்ரோப்பை எடுத்ததும் பருமனானவரிடம் ஒரு செ.மீ. கூடிவிடும். அளக்கும்போது அழுத்தத்தைத் தளர்த்தி அளக்க வேண்டும். அடுத்த காரணம் ப்ரோப்பைச் சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டு ஊசியை நேராகக் குத்துவது. அதற்கும் அடுத்தது கெட்டியான சீழ், அது 18 கேஜ் ஊசியில்தான் வரும். இருமுறை முயன்றும் வராவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்; அதே இடத்தில் மூன்றாவது குத்து வேண்டாம்.

சிரிஞ்சில் ரத்தம் வந்தால்?

ஒரு கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். ரத்தக்குழாயிலிருந்து வந்த ரத்தம் உறையும். உறைக்குள் ஏற்கெனவே தேங்கியிருந்தது பொதுவாக உறையாது. நீரின் ஹெமட்டோக்ரிட் (சிவப்பணுக்களின் பங்கு) நோயாளியின் ரத்தத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் இருந்தால் அது ஹீமோதொராக்ஸ், அதாவது உறைக்குள் ரத்தக்கசிவு. முதலில் தெளிவாக வந்து பிறகு சிவந்தால் நிறுத்தி, ஸ்கேனில் நீர் கூடுகிறதா என்று பாருங்கள். புதிதாகச் சுழலும் துகள்கள் தெரிந்தால் அறுவை சிகிச்சைப் பிரிவை உடனே கூப்பிட வேண்டும்.

ஒரே தடவையில் எவ்வளவு எடுக்கலாம்?

1.5 லிட்டர் என்பது வழக்கமான எல்லை. ஆனால் எண்ணைவிட நோயாளியின் நெஞ்சு முக்கியம். முடிவில் சிறிது இருமல் வருவது நுரையீரல் விரிவதைக் காட்டும். நெஞ்சு இறுக்கம், நிற்காத இருமல், தோள்வலி, வியர்வை வந்தால் 600 மி.லி.யிலேயே நிறுத்துங்கள். பல வாரம் சுருங்கிக் கிடந்த நுரையீரலை வேகமாக விரித்தால் அதற்குள்ளேயே நீர் கசியும். முதல் சில மணி நேரத்தில் மூச்சிரைப்பும் நுரைத்த சளியும் வரும், ஸ்கேனில் அதே பக்கம் புதிதாக பி கோடுகள் நிறையும்.

எடுத்த நீரை எந்தெந்தக் குப்பியில் அனுப்புவது?

புரதம், எல்.டி.எச்., குளுக்கோஸ், செல் எண்ணிக்கை, கிராம் சாயம், கல்ச்சர், ஏ.டி.ஏ. (காசநோயில் கூடும் என்சைம்), சைட்டாலஜி (புற்றுச் செல் தேடும் சோதனை). கூடவே அன்றைய ரத்தப் புரதமும் எல்.டி.எச்.சும் வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸுடேட்டைப் பிரித்தறியும் லைட் (Light) அளவுகோலைப் போட முடியாது: புரத விகிதம் 0.5க்கு மேல், எல்.டி.எச். விகிதம் 0.6க்கு மேல், அல்லது நீரின் எல்.டி.எச். ரத்த இயல்பு உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸுடேட்.

சைட்டாலஜிக்கு 25 முதல் 50 மி.லி. கொடுங்கள். கிருமித் தொற்று சந்தேகம் என்றால் ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலும் 5 மி.லி. விடுங்கள், கிருமி பிடிபடும் வாய்ப்பு கூடும். பி.எச். பார்க்க ஹெபரின் தடவிய சிரிஞ்சில், காற்றுக்குமிழி இல்லாமல், ரத்த வாயு மெஷினில் உடனே போடுங்கள். சிரிஞ்சில் காற்று இருந்தால் பி.எச். பொய்யாக ஏறும், லிக்னோகைன் மிச்சம் இருந்தால் பொய்யாக இறங்கும். நிமோனியாவோடு வந்த நீரில் 7.2க்குக் கீழே என்றால் ட்யூப். பி.எச். பார்க்க வசதி இல்லாத இடத்தில் குளுக்கோஸ் 60 மி.கி.க்குக் கீழே போனதை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கே சீழ் தெரிந்தால் பி.எச். தேவையில்லை, மெஷினும் அடைத்துக்கொள்ளும்.

லிம்ஃபோசைட் மிகுந்த நீரில் ஏ.டி.ஏ. 40க்கு மேல் என்றால் நம் ஊரில் காசநோயே முதல் சந்தேகம். உறை நீரில் சி.பி.நாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) எதிர்மறை என்பதை வைத்துக் காசநோய் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அந்த நீரில் கிருமிகள் மிகக் குறைவு, உறைத் திசுவை எடுத்தால்தான் விளைச்சல் நன்றாக இருக்கும்.

ட்யூப் போடும்போது பெரிய ஆபத்து எது?

டைலேட்டர், அதாவது ட்யூபுக்கு வழியை அகலப்படுத்தும் கருவி. 2005 முதல் 2008 மார்ச் வரை நெஞ்சு ட்யூப் தொடர்பாக 12 மரணங்களும் 15 கடுமையான காயங்களும் பதிவானதாக இங்கிலாந்தின் நோயாளி பாதுகாப்பு முகமை 2008இல் எச்சரித்தது. தவறான இடம், அனுபவமின்மை, டைலேட்டரை ஆழமாகத் தள்ளியது ஆகியவை அதில் சுட்டப்பட்ட காரணங்களில் சில.

வழிக்கம்பி முறையில் 12 அல்லது 14 ஃப்ரெஞ்ச் ட்யூப் பெரும்பாலானவர்களுக்குப் போதும். நீர் கிடைத்த ஆழத்தை ஊசியில் குறித்துக்கொள்ளுங்கள். டைலேட்டர் அதற்கு மேல் 1 செ.மீ. போனால் போதும். அதன் வேலை தோலிலிருந்து உறை வரை வழி திறப்பது மட்டுமே. அந்த ஆழத்தில் விரலை அணைத்துப் பிடித்துக்கொண்டு தள்ளுங்கள். தள்ளும்போது அடிக்கடி கம்பியை முன்பின் இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். சிக்கினால் கம்பி மடங்கிவிட்டது, இன்னும் தள்ளினால் டைலேட்டர் தனக்கொரு புதுவழி பார்த்துக்கொள்ளும். தோல் வெட்டு சிறியதாக இருந்தால் பலம் போட வேண்டியிருக்கும், அந்தப் பலம் திடீரென்று விடுபடும்போதுதான் நுரையீரல் கிழிகிறது. வெட்டைத் தாராளமாகப் போடுங்கள்.

அறைகள் நிறைந்த சீழுக்கு ட்யூப் மட்டும் போதாமல் போகலாம். 2011இல் வெளியான மிஸ்ட்-2 ஆய்வில் டி.பி.ஏ. (உறைவைக் கரைக்கும் மருந்து) 10 மி.கி.யும் டி.என்.ஏஸ் (சீழின் கெட்டித்தன்மையைக் குறைக்கும் என்சைம்) 5 மி.கி.யும் சேர்த்து தினம் இரு வேளை 3 நாள் கொடுத்தது பலன் தந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தது தரவில்லை. செலவு அதிகம் என்பதால் எல்லா இடத்திலும் இது நடப்பதில்லை.

ஐ.சி.டி. (நெஞ்சு ட்யூப்) பாட்டிலில் என்ன கவனிக்க வேண்டும்?

குழாயின் நுனி நீருக்குள் 2 செ.மீ. இருக்கட்டும். பாட்டில் நிறைய நிறைய நுனி ஆழத்துக்குப் போகும், 10 செ.மீ. ஆழம் என்றால் காற்று வெளியேற நோயாளி 10 செ.மீ. நீர் அழுத்தத்தை வெல்ல வேண்டும். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே. மூச்சோடு நீர்மட்டம் ஏறி இறங்காவிட்டால் ட்யூப் அடைத்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது நுரையீரல் முழுதாக விரிந்திருக்கும். எது என்று ஸ்கேன் சொல்லும். சிறிய ட்யூபை 6 மணிக்கு ஒரு முறை 20 முதல் 30 மி.லி. சலைன் விட்டுக் கழுவ வேண்டும். குமிழி வரும் ட்யூபை கிளாம்ப் செய்யவே கூடாது, எக்ஸ்-ரே அறைக்குக் கொண்டுபோகும்போதும் கூட.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்?

அவசரமில்லாத வேலைக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு) 1.5க்குக் கீழே, தட்டணு 50,000க்கு மேல் இருக்கட்டும். ஆஸ்பிரினை நிறுத்த வேண்டாம். ட்யூப் போடுவதாக இருந்தால் க்ளோபிடோக்ரெல் 5 நாள் நிறுத்துவது வழக்கம். ஸ்டென்ட் புதிதாக வைத்தவரிடம் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் இந்த எண்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் எக்ஸ்-ரே கட்டாயமா?

ட்யூப் போட்டால் கட்டாயம். வெறும் நீர் எடுத்தால், ஊசியில் காற்று வராமல், ஒரே குத்தில் முடிந்து, நோயாளிக்குத் தொல்லை இல்லாமல் இருந்தால் தேவையில்லை. ஆனால் தொடங்கும் முன்பு முன்நெஞ்சில் அசைவு இருந்ததைக் குறித்து வைத்திருந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.

சிறிய கைப்பை ஸ்கேன் ஒன்றை வாங்கி நானே வைத்துக்கொள்ளலாமா?

இந்தியாவில் அப்படி முடியாது. கருவின் பாலினத்தை அறியப் பயன்படக்கூடிய எந்த மெஷினும் 1994ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டும். ‘நெஞ்சுக்கு மட்டும்தான்’ என்பது விலக்கு ஆகாது. எடுத்துச் செல்லும் மெஷின்களைப் பதிவான வளாகத்துக்குள், உள்நோயாளிகளுக்குத்தான் பயன்படுத்தலாம். நடமாடும் மருத்துவ வண்டிகளுக்குத் தனி விதி. கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இரண்டு மருத்துவமனைகளுக்கு நடப்பது சட்டப்படி குற்றம். பிரிவின் பெயரில் வாங்கி, மாவட்ட அதிகாரியிடம் பதிவு செய்து, சான்றிதழை அறையில் மாட்டுங்கள்.

ப்ரோப்பை ஸ்பிரிட் வைத்துத் துடைக்கலாமா?

தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டும். சில ப்ரோப்களின் ரப்பர் முகம் ஆல்கஹாலில் வெடித்துப் போகும். முதலில் ஜெல்லை முழுக்கத் துடைத்தெடுங்கள், ஜெல்லின் மேல் எந்த மருந்தும் வேலை செய்யாது. பிறகு கையேட்டில் சொன்ன துடைப்பான். ஊசி போடும் நேரத்தில் ஸ்கேன் தொடர்ந்தால் ஸ்டெரைல் உறையும் ஸ்டெரைல் ஜெல் பாக்கெட்டும் வேண்டும். ட்ராலியில் திறந்து கிடக்கும் ஜெல் பாட்டிலை மறுபடி மறுபடி நிரப்பிப் பயன்படுத்தாதீர்கள். வயரையும் துடையுங்கள், அது கட்டில் கட்டிலாகத் தரையில் இழுபட்டு வருகிறது.